அண்ணி போட்ட வார்த்தை

அத்தியாயம் 17

போன வாரம் அண்ணியைச் சமையலறை வாசலில், கையில் ஒரு காகிதத்தோடு, நின்றது நின்றபடி விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

உட்கார்ந்தாலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அந்தக் காகிதம் அவள் கொழுந்தனுக்குக் கம்பெனி கொடுத்த குற்றப் பத்திரிகை. வீட்டுக்கு இளையவன் என்பதால் எல்லாருக்கும் அவன் சின்னவன். அட்டைப்பெட்டிக் கிடங்கில் பதினோரு வருஷமாக வேலை. "அண்ணி, நீங்கதான் இங்கிலீஷைக் கரைச்சுக் குடிச்சவங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க" என்று அவன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் 'க்ளாண்டெஸ்டைன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. பக்கத்திலேயே, அதைவிடப் பெரிய வில்லனாக, 'கான்ஸ்பைரசி'.

'நாங்கள் மூவரும் மறைவாகக் கூடிச் சதி செய்து அந்த விஷயத்தை மூடி மறைத்தோம்.' இப்படிச் சின்னவனே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

அந்த ஆங்கில வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் அண்ணிக்கு அடையாளம் தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? அதை எழுதியவளே அவள்தான்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக ஒரு நிமிஷம். அண்ணிக்கு ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் வேலை. கம்பெனிகளிலிருந்து தமிழ் வாக்குமூலங்கள் அங்கே வரும், ஆங்கிலமாகத் திரும்பிப் போகும். வரும்போதே பேர், விலாசம், கம்பெனி எல்லாவற்றின் மேலும் கறுப்பு மை பூசி, ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்துவிடுவார்கள். ஊழியர் ஏ, ஊழியர் பி, ஊழியர் சி. யார் எவர் என்று தெரியாமல் செய்தால்தான் வேலை நேர்மையாக இருக்கும் என்பது ஏற்பாடு. நேர்மையாகத்தான் இருந்தது. ஊழியர் சி என்பவன் அவள் போட்ட டீயைத் தினமும் குடிக்கிற கொழுந்தன் என்று தெரியாமல், அவன் தலையில் அண்ணி மிகவும் நேர்மையாகக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அவன் உண்மையில் சொன்னது சாதாரணப் பேச்சு. "வெளிய யார்கிட்டயும் சொல்லல சார். மூணு பேரும் எங்களுக்குள்ளயே பேசி வச்சுக்கிட்டோம்." அதைச் சதியாக்கியது அண்ணியின் தகரப் பெட்டி.

பிஸ்கட் வந்த பழைய தகரப் பெட்டி அது. மற்றவர்கள் செருப்புச் சேர்க்கிற மாதிரி அண்ணி ஆங்கிலச் சொற்களை அட்டை அட்டையாக எழுதி அதில் சேர்க்கிறாள். ரகசியத்துக்கென்று மட்டும் முப்பத்திரண்டு அட்டை. ஒவ்வொன்றின் பின்னாலும் தனக்குப் புரிகிற தமிழில் ஒரு குறிப்பு. சரப்டிஷஸ்: பூனை பால் குடிப்பது மாதிரி, சத்தமில்லாமல். ஃபர்டிவ்: திருட்டு முழி. கனைவ்: கெட்டது நடப்பது தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைப்பது. கொலூட்: வெளியே எதிரிபோல நடித்து உள்ளே கை கோத்துக்கொள்வது. கோவர்ட்: இதையே அரசாங்கம் செய்தால். க்ளாண்டெஸ்டைன்: செய்யக்கூடாததை மறைவில் செய்வது; கனமான சொல், இடம் கிடைத்தால் விடாதே.

இடம் கிடைத்தது. விடவில்லை.

சரி, மூன்று பேரும் மறைத்தது என்ன? ஒரு மனிதரின் காதை. கிடங்கில் மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். எல்லாரும் பெரிசு என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னாலேயே வந்து அலறினாலும் திரும்ப மாட்டார். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சின்னவனும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்து அவர் பக்கத்திலேயே நின்றார்கள். வண்டி வந்தால் தோளைத் தொடுவது. இதுதான் அந்த மாபெரும் சதித்திட்டம். யாரோ கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட, மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

சொல்லாமல் விட்டது என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும். சதி என்றால் வேலையே போகும். காகிதம் வந்து மூன்று நாளாயிற்று, விசாரணை இன்றைக்கு இரண்டு மணிக்கு.

*

"சட்டையை ரெண்டு தடவை தேய்ச்சாச்சு. இன்னொரு தடவை தேய்ச்சீங்கன்னா ஓட்டைதான் விழும்" என்றாள் சின்னவள்.

சின்னவள் என்பது சின்னவனின் மனைவி, அண்ணிக்கு ஓரகத்தி. பெண்களுக்கு முடி வெட்டுகிற கடையில் வேலை. கையில் இருக்கிற கத்தரி நின்றாலும் வாய் நிற்காது.

"வேலை போற அன்னிக்காவது மடிப்புக் கலையாம போறேனே" என்றான் சின்னவன்.

"போகாது. முதல்ல வாயைக் கழுவுங்க."

அண்ணி அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவன் லாரியோடு வெளியூரில், வெள்ளிக்கிழமைதான் வருவான். அவன் இருந்திருந்தால் அவனிடமாவது கொட்டியிருப்பாள். மூன்று நாளாகச் சின்னவனிடம் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடியதில் தாடைதான் வலித்தது.

"அண்ணி, எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றான் சின்னவன். "அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்ல. என் வாயில நுழையாத வார்த்தையை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?"

"மொழிபெயர்ப்புல வந்திருக்கும்" என்றாள் அண்ணி, தட்டைப் பார்த்து.

"அப்படின்னா அந்த மேதாவி யாருன்னு பாக்கணும்."

"என் கடைக்கு வரட்டும் அவன்" என்றாள் சின்னவள். "பொம்பளைங்க கடைதான். பரவாயில்ல, அவனுக்காகத் தனியாக் கதவைத் திறந்து விடறேன். வழிச்சு மொட்டை அடிச்சு அனுப்பறேன்."

அண்ணி தன்னையறியாமல் சோப்புக் கையோடு கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, தலையில நுரை" என்றாள் சின்னவள்.

சின்னவன் சிரித்தான். விசாரணைக்குப் போகிற காலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைக் கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

*

மொழிபெயர்ப்பு நிலையத்தில் ஒரு வசதி உண்டு. அனுப்பிய வேலையில் பிழை தெரிந்தால் முப்பது நாளைக்குள் திருத்திய பிரதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பழையது போய்ப் புதியது அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு இருபத்தாறாவது நாள்.

அண்ணி முந்தின நாளே திருத்தி வைத்துவிட்டாள். சதி போயிற்று, மறைவு போயிற்று. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு மணிக்கு யாராவது கம்ப்யூட்டரைப் பார்த்தால் அங்கே ஒரு சாதுவான வாக்கியம் இருக்கும். முன்னே என்ன இருந்தது, யார் மாற்றினார்கள் என்று ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது.

விரலைப் பொத்தான் மேல் வைத்தவள் அழுத்தவில்லை. யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், செய்யக்கூடாததை. பெட்டியில் இருக்கிற முப்பத்திரண்டு அட்டையும் இப்போது அவளுக்குத்தான் பொருந்தும். சின்னவன் செய்யாத சதியை அவள் செய்யப் போகிறாள்.

அது மட்டுமா? கம்பெனி கையில் பழைய பிரதி அச்சாகி இருக்கிறது. விசாரணை அன்றைக்கே வாக்கியம் மாறியிருக்கிறது, மாற்றியவள் ஊழியர் சியின் அண்ணி என்று நாளைக்கு ஒருவன் கண்டுபிடித்தால் சின்னவன் கதை அதோடு முடிந்தது. பயம் பாதி, வெட்கம் பாதி. எது அவளை எழுப்பியதோ, எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் நிலையத்தின் தலைவி. ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், ஒரு கண்ணாடி தலையில் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார்.

"மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"கமாவா, முற்றுப்புள்ளியா?"

"என் கொழுந்தன் வேலை."

மேடம் தேடுவதை நிறுத்தினார். அண்ணி நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். பொத்தான் மேல் விரலை வைத்தது உட்பட. மேடம் தமிழை ஒரு முறை படித்தார், ஆங்கிலத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பையன் டீக்கடையில பேசற மாதிரி பேசியிருக்கான். நீ அதைக் கொலைக் கேஸாக்கி வச்சிருக்கே."

"ஆமாம் மேடம்."

"ஏம்மா?"

அண்ணி யோசித்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "படிக்க நல்லா இருந்தது மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று அண்ணி காத்திருந்தாள். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இப்ப நீ திருத்தி எழுதினதை எவன் நம்புவான்? கொழுந்தனைக் காப்பாத்த அண்ணி மாத்திட்டான்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும். உன் பிரதியைக் குப்பையில போடு. ஸ்க்ரூவைக் கூப்பிடு."

ஸ்க்ரூ என்பது நிலையத்தில் ஒருவருக்கு விழுந்த பட்டப்பெயர். தண்ணீர் மோட்டார், துணி துவைக்கிற மெஷின் இவற்றோடு வருகிற கையேடுகள்தான் அவர் இலாகா. ஆங்கிலத்திலிருந்து தமிழ், தமிழிலிருந்து ஆங்கிலம், எந்தப் பக்கம் கொடுத்தாலும் செய்வார். 'மூடியை இடது பக்கமாகத் திருப்பவும்' என்பதுதான் அவர் எழுதியவற்றிலேயே உணர்ச்சிகரமான வரி என்று அண்ணி பல தடவை கேலி செய்திருக்கிறாள், நல்லவேளை மனசுக்குள்.

மேடம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு மை பூசிய தமிழ்ப் பக்கத்தை மட்டும் கொடுத்தார். ஒன்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"புரியாத இடம் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லீங்களே. சும்மா பேச்சுதானே" என்றார் ஸ்க்ரூ. பாதியில் விட்ட மோட்டாரிடம் திரும்பிப் போனார்.

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த இடத்தில், 'வி கெப்ட் இட் அமங் அவர்செல்வ்ஸ்.' எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற ஆங்கிலம். அதற்குள் சின்னவனின் குரல் அப்படியே கேட்டது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீயே எடுத்துட்டுப் போ. உள்ளே நுழைஞ்சதும் முதல் வார்த்தையே உறவுன்னு சொல்லிடு. அவங்களாக் கண்டுபிடிச்சா அவனுக்குத்தான் கெடுதல்."

"என் வேலை மேடம்?"

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கு அவன் வேலையைப் பாரு. ஓடு."

*

விசாரணை அறை கிடங்குக்கு மேலே மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவே ஃபோர்க்லிஃப்ட் வண்டி பீப் பீப் என்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அறையில் மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. வெளியிலிருந்து வரவழைத்த ஆள், பருமனான, நிதானமான மனிதர். அவருக்கு வலப்புறம் கம்பெனி மேனேஜர். எதிரே வரிசையாக ஏ, பி, சி. ஓரத்தில் பெரிசு, பேசுகிறவர்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தபடி. அங்கே பேச்சு பாதி ஆங்கிலத்தில் நடந்தது, நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

கதவைத் திறந்த அண்ணியைப் பார்த்ததும் சின்னவன் எழுந்துவிட்டான். "என்ன அண்ணி? வீட்டுல யாருக்காவது ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. நீ உக்காரு." அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், நான் ஊழியர் சியோட அண்ணன் மனைவி. அந்த வாக்குமூலத்தை இங்கிலீஷ்ல எழுதினவளும் நான்தான். எழுதறப்ப அது இவன்னு எனக்குத் தெரியாது. ஆனா தப்பா எழுதிட்டேன்."

சின்னவன் உட்காரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க அண்ணிக்குத் தைரியம் வரவில்லை.

மேனேஜர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்? குடும்பமே சேர்ந்து சதி!"

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "சதின்னு ஒருத்தர் எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

மேடத்தின் கடிதத்தைப் படித்தார். ஸ்க்ரூவின் தாளைப் படித்தார். போனை எடுத்து நிலையத்துக்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார். ஸ்க்ரூவைக் கூப்பிடச் சொன்னார்.

"காலைல ஒரு பக்கம் செஞ்சீங்களே, அதுல இருக்கிற ஆளுங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. எல்லாம் கறுப்பா இருந்தது."

"அதுல சதின்னு ஏதாவது வந்ததா?"

மறுமுனையில் காகிதம் புரளுகிற சத்தம். "சதியா? இல்லீங்களே!" ஸ்க்ரூவின் குரல் பதறியது. "ஐயையோ, ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருந்ததா சார்? விட்டுட்டேனா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போனை வைத்தார். அறையில் ஏ சிரித்துவிட்டான், பி அவனை இடித்தான். ஆனால் அதிகாரி அண்ணியைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"வார்த்தை மாறிடுச்சு, ஒத்துக்கறேன். நடந்தது மாறல. காது கேக்காத ஆளை வண்டி ஓடற இடத்துல நிக்க வச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் யாருக்கும் சொல்லல. நாளைக்கு அவர் மேல வண்டி ஏறியிருந்தா?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயும் இருந்தது.

"அது தப்புதான் சார். இவன் என் கொழுந்தன், அதுக்காகத் தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தத் தப்புக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்க. ஆனா சதின்னா ஒருத்தனைக் கெடுக்கறதுக்குக் கூடறது. இவங்க ஒருத்தரைக் காப்பாத்தக் கூடினாங்க, அதை அரைகுறையா செஞ்சாங்க. செய்யாத தப்போட பேரை இதுக்கு வைக்காதீங்க. அந்தப் பேரை வச்சவ நான். தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க."

ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் எப்போது தமிழுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் பெட்டியிலிருந்து ஒரு சொல்கூட எடுக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் பெரிசு, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில். சின்னவன் பழக்க தோஷத்தில் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டான். பெரிசு உடனே பின்னால் திரும்பி, வண்டி வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் மாடி அறையில் இருப்பது நினைவு வந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், என்னை வேணா அனுப்பிடுங்க" என்றார் பெரிசு. "இந்தப் பசங்களை விட்டுடுங்க. நான்தான் சொல்ல வேண்டாம்னு கெஞ்சினேன்."

எல்லாரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம். தாழ்வாரத்தில் சின்னவன் ஒரு மூலை, அண்ணி ஒரு மூலை. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதை மூடிப் பார்த்தாள், நிற்கவில்லை.

உள்ளே கூப்பிட்டு அதிகாரி தீர்ப்பைப் படித்தார். சதிக் குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது. தெரிந்தும் தெரிவிக்காததற்கு மூவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். பெரிசுக்கு லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றம். அங்கே வண்டி நுழைவதே இல்லை. காதுக்கு மெஷினும் கம்பெனியே வாங்கித் தரவேண்டும். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

*

கிடங்கு வாசல் வரைக்கும் சின்னவன் முன்னால் நடந்தான். வாசலைத் தாண்டியதும் நின்றான்.

"மூணு நாள் அண்ணி. என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் பேப்பரைக் காட்டி அர்த்தம் கேட்டேன். சாதாரண வார்த்தைதான்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்டா. நீ என்னை அண்ணின்னு கூப்பிடறதை நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

சின்னவன் சாலையைப் பார்த்தான். ஒரு பஸ் வந்தது, அவர்கள் பஸ்தான். அவன் ஏறாமல் நின்றதால் அண்ணியும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"காலைல அவ மொட்டை அடிக்கிறேன்னு சொன்னப்ப ஏன் கொண்டையைப் பிடிச்சீங்கன்னு இப்பத்தான் புரியுது" என்றான்.

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு அண்ணி. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் விலகி நிற்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க உள்ளே வந்து அத்தனை பேர் முன்னால நின்னீங்களே, அதோட தீர்ந்தது அண்ணி. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல." அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "கோபமெல்லாம் போன் போட்டவன் மேலதான். மூஞ்சியக் காட்டாம, பேரைச் சொல்லாம போட்டுக் கொடுத்தான் பாருங்க. அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும், ஜென்மத்துக்கும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

அண்ணி அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, அதுவே அன்றைக்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது.

*

சாயங்காலம் வீடு கலகலவென்று இருந்தது. சின்னவள் கடையிலிருந்து பாதியில் ஓடிவந்துவிட்டாள். அண்ணி தானாகவே போய் எல்லாவற்றையும் சொல்லி, தலையைக் குனிந்து, "மொட்டை அடிக்கறதா இருந்தா அடி" என்றாள்.

சின்னவள் கத்தரியைத் தேடவில்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "நல்லபடியா முடிஞ்சுதே, அது போதும் அக்கா. அது போதும்." சொல்லச் சொல்ல அவள் குரல் கம்மியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அண்ணி நினைத்தாள்.

சின்னவன் அண்ணனுக்குப் போன் பேச வாசலுக்குப் போனான். லாரிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தான். "ஆமாண்ணா, அண்ணிதான்! ஆமாண்ணா, ரெண்டும் அவங்கதான்! மாட்டிவிட்டதும் அவங்க, காப்பாத்தினதும் அவங்க!"

அண்ணி மேஜையில் கோப்பைகளை எடுத்து வைத்தாள். சின்னவள் அடுப்புப் பக்கம் நின்றபடியே இருந்தாள். பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அண்ணிதான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"என்னடி? பிரமை பிடிச்ச மாதிரி நிக்கறே?"

சின்னவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"கம்பெனிக்குப் போன் போட்டது நான்தான்."

அண்ணி கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"ஒருநாள் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார்" என்றாள் சின்னவள். "கொடுக்கலாம்னு கிடங்கு கேட்டுக்குப் போனேன். அந்த வண்டி பின்னால வந்துச்சு. இவர் பெரியவரைப் புடிச்சுத் தள்ளினார். வண்டி இவர் முதுகை உரசிட்டுப் போச்சு அக்கா, இன்னும் இத்தனூண்டு இந்தப் பக்கம் வந்திருந்தா போச்சு." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினாள். "வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல. சட்டையில கறை எப்படின்னு கேட்டா கிரீஸ்னு சொன்னார். கேட்ல ஒரு நம்பர் எழுதியிருந்துச்சு, ஆபத்து பாத்தா கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டேன். பெரியவரை வேற இடத்துல போடுவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன். இவங்களை இப்படி மாட்டிவிடுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"இத்தனை நாளா மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தியா?"

"நீங்க மூணு நாள். நான் ஒண்ணரை மாசம்."

அண்ணி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. அதைவிட, கோபமே வரவில்லை. ஒருத்தி புருஷன் உயிரோடு இருக்கவேண்டும் என்று ஒரு போன் போட்டிருக்கிறாள். அதற்கு அவள் பெட்டியில் பேர் இல்லை.

"நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். "நீ சொல்லு. இன்னிக்கே சொல்லு."

"போன் போட்டவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு என்கிட்டயே நாலு தடவை சொல்லிட்டார் அக்கா."

"என்கிட்டயும் சொன்னான். அதனாலதான் சொல்றேன். வேற யாராவது சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது."

"பயமா இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு. உள்ளே போற வரைக்கும்தான்."

வாசலில் போன் பேச்சு முடிந்தது. சின்னவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தான். பதினோரு வருஷ வேலை கையில் பத்திரமாக இருக்கிற மனிதனின் நடை.

"அண்ணன் உங்களை ஒரு வாரம் டீ போட வேண்டாம்னுட்டார் அண்ணி. வந்து அவரே போடறாராம்." இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

அண்ணி எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றாள் சின்னவள் கணவனிடம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பாதியில எழுந்து போகக் கூடாது."

"எதுக்குப் போறேன்? இன்னிக்கு என்ன சொன்னாலும் கேப்பேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கு நான் கிடங்கு கேட்டுக்கு வந்தேன்" என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

சின்னவனின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.